கூடவே வந்த ஊசி

மார்ச் 12. இன்று மாலை நான் படிக்கும் அக்குபஞ்சர் வகுப்பில், சிகிச்சைக்கு வந்த அருளப்பன் சாரின் காலில் குத்திய ஊசி ஒன்றை எடுக்க மறந்துவிட்டேன். வயிறு எப்போது கலக்குமோ என்று பயந்து, எந்தப் பஸ்ஸிலும் பாதி வழியில் இறங்கிவிடுகிறவர் அவர். பஸ்ஸில் வீடு போய்ச் சேர்ந்ததும் போன் செய்தார்.

“டாக்டரம்மா, உங்க ஊசி என்கூடவே வந்துருச்சு. வேட்டியை மடிக்கும்போதுதான் பார்த்தேன்.”

“ஐயோ, அசையாம உட்காருங்க சார். இப்பவே வந்து எடுத்துடறேன்.”

“எதுக்கு? இன்னிக்கு நடுவுல எங்கயும் எறங்கலையே! நாளைக்கு மக நிச்சயதார்த்தத்துக்குத் திருச்சி போகணும். அதுவரைக்கும் இது கெடக்கட்டும்.”

போனை வைத்துவிட்டார். ஊசி இருப்பதே தெரியாமல்தானே வீடுவரை வந்தார்? அது இல்லாவிட்டாலும் போய்ச் சேருவார்.

நாளை: பஸ் கிளம்பும் முன் ஊசியை எடுக்க வேண்டும். எடுத்த கையோடு, அவர் பக்கத்தில் உட்கார்ந்து திருச்சி வரை நானும் போக வேண்டும்.