கேட்கும் தூரம்

சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் வாயைத் திறந்தாள்.

சத்தம் வரவில்லை.

எதிரே, தண்டவாளத்தின் மேல் நின்ற படகில் மூன்று பேர் அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். மூவரும் அந்தக் கேளிக்கைப் பூங்காவின் வேலையாட்கள். மோட்டார் உறுமியது. மேலே தொட்டியின் கதவு திறந்தது. தண்ணீர் சுவர் போலச் சரிந்து அவர்கள் மேல் விழுந்தது.

நனைந்துபோய் எழுந்து சிரித்தார்கள்.

"யக்கா, நின்னுகிட்டே தூங்கிட்டியா?" என்றான் அவர்களில் ஒருவனான தனராஜ்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை இந்த விளையாட்டைத் திறக்கிறார்கள். பெயர் சுனாமி. எழுத்துகளுக்கு நுரையெல்லாம் வைத்துப் பலகை எழுதியாகிவிட்டது. பட்டது போதாதென்று அதற்கு வரிசை வேறு நிற்கப் போகிறது.

பக்கத்திலேயே பூகம்பம் இருக்கிறது. நாற்காலி ஆடும், புகை வரும், பிள்ளைகள் இறங்கியதும் மறுபடி ஏறுவோம் என்று அடம்பிடிக்கும். அதைப் பற்றி யாரும் வாய் திறந்ததில்லை. பூகம்பத்தில் ஆளைப் பறிகொடுத்தவர்கள் யாரும் இங்கே வேலை பார்க்கவில்லை.

மேனேஜர் கோதண்டபாணி கெட்டவர் இல்லை. உடைமாற்றும் அறைக்குக் காவல் நிற்கும் அவளைத் தனியே கூப்பிட்டுத்தான் கேட்டார்.

"உங்க வீட்டுக்காரர் அதுல போனவருன்னு சொன்னாங்க. மனசுக்கு ஒப்பலேன்னா சொல்லிடுங்கம்மா. மொதலாளிகிட்ட பேசி பேர மாத்திடறேன்."

பிறகு தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னார். தண்ணீர் விழும் முன்னே, பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கத்த வேண்டுமாம். ஸ்பீக்கரை எங்கே மாட்டுவதென்று பார்க்க வேண்டும். இன்றைக்கு யாராவது நின்று வெறும் வாயால் கத்தினால் போதும். அதற்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

"நான் கத்துறேன் சார்" என்றாள். "பேரப் பத்தி அப்பறம் சொல்றேன்."

அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்.

அன்று காலை அவள் கணவன் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு மணலில் இறங்கிப் போனான். அறுபது எட்டு தூரம் போயிருப்பான். கடல் என்றுமில்லாதபடி உள்வாங்கிக் கிடந்தது. தூரத்தில் ஒரு கறுப்புக் கோடு எழுந்தது. மேட்டில் நின்ற அவள் பார்த்துவிட்டாள். அவன் குனிந்து வலையைச் சரிசெய்தபடி நடந்தான்.

கூப்பிட வாயெடுத்தாள்.

கடலுக்குப் போகிறவனைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் போன இடத்தில் ஏதாவது ஆகிவிடும். கல்யாணமாகி வந்த முதல் வாரமே மாமியார் சொல்லிவைத்தது. பதினோரு வருஷத்தில் ஒரு நாள்கூட அவள் கூப்பிட்டதில்லை. சோற்றுத் தூக்கை மறந்துவிட்டுப் போனாலும் ஓடி, அவனைத் தாண்டி, முன்னால் போய் நின்று கொடுப்பாள்.

அன்றும் அப்படித்தான் ஓடினாள். முன்னால் போய் நின்று சொல்லலாம் என்று.

பத்து எட்டு ஓடியிருப்பாள். தண்ணீர் வந்துவிட்டது. அவளை ஒரு வேலிக்கருவை மரம் பிடித்துக்கொண்டது. அவனைப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

கூப்பிட்டிருந்தாலும் அந்த இரைச்சலில் கேட்டிருக்காது. மாமியாரிடம் சொன்னாள். விசாரிக்க வந்த அதிகாரிகளிடம் சொன்னாள். தனியாக இருக்கும்போது தனக்கே சொல்லிக்கொண்டாள். இருபது வருஷமாக அந்த ஒரு வார்த்தையால்தான் அவளுக்குச் சோறு இறங்குகிறது.

கேட்காது என்று இன்று கண்ணால் பார்த்துவிட்டால் போதும். அப்புறம் பலகையில் என்ன பெயரை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும்.

படகிலிருந்து அறுபது எட்டு அவளே எண்ணி வந்து நின்றிருந்தாள்.

"எல்லா மோட்டாரையும் போடச் சொல்லுங்க சார். அன்னிக்கு ரொம்ப இரைச்சல்."

போட்டார்கள். தரை அதிர்ந்தது. பக்கத்தில் நின்ற மேனேஜர் ஏதோ சொன்னார். உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது. அவளுக்கு உயிர் வந்தது. இதில் எவன் காதில் விழும்?

மூவரும் மறுபடி முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள். குரல் கேட்டால் கையைத் தூக்க வேண்டும். அவ்வளவுதான் அவர்களுக்குச் சொல்லியிருந்தது.

சிவப்பு விளக்கு.

தொட்டியின் கதவு நடுங்கியது.

ஓடுங்க, ஓடுங்க என்று கத்தச் சொல்லியிருந்தார்கள்.

"ஏங்க" என்று கத்தினாள். "போவாதீங்க."

யாரும் கையைத் தூக்கவில்லை.

மூவரும் திரும்பினார்கள். ஒரே நேரத்தில். தனராஜ் இடுப்புக் கம்பியைத் தள்ளிக்கொண்டு அவளை நோக்கி எழப் பார்த்தான். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. அதற்குள் தண்ணீர் மூவரையும் மூடியது.

மோட்டார்களை நிறுத்தினார்கள்.

"கேக்குதும்மா" என்றார் மேனேஜர். அவருக்கு ஒரே சந்தோஷம். "நல்லாவே கேக்குது. ஸ்பீக்கரே வேணாம் போலிருக்கு."

அவள் படகையே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் வடிந்து மூன்று தலைகளும் வெளியே வந்தன. மூன்று பேரும் இன்னும் அவள் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப பேருக்கு என்னம்மா சொல்றீங்க? இருக்கட்டுமா, மாத்திடவா?"

அவள் பின்பக்கமாக நடக்கத் தொடங்கியிருந்தாள். ஒரு எட்டு. இன்னொரு எட்டு. புல்தரையைத் தாண்டி, குப்பைத் தொட்டியைத் தாண்டி, சுற்றுச்சுவர் முதுகில் இடிக்கும்வரை போனாள்.

"அன்னிக்கு இன்னும் தூரம் சார்" என்றாள். "இவ்ளோ தூரம் இருந்துது. மோட்டாரப் போடச் சொல்லுங்க."