செவலை எழுந்த மழைநாள்

ஒரு கரட்டின் அடிவாரத்தில் மயிலை, செவலை என்று இரண்டு வெள்ளாடுகள் ஒரே பட்டியில் வளர்ந்தன. குட்டியாக இருந்தபோது செவலைக்குக் கால் தரையில் பாவாது. பாறைக்குப் பாறை தாவி உச்சிக்கு ஏறும், இறங்கும், மறுபடியும் ஏறும். மயிலை நிழலில் படுத்து அசைபோட்டபடி, "உச்சியில் அப்படி என்னடி இருக்கிறது? கீழேயே தழை கொட்டிக் கிடக்கிறதே!" என்று சிரிக்கும்.

காலம் ஓடியது. இரண்டுக்கும் தாடி நரைத்தது. செவலையும் தாவுவதை விட்டுவிட்டது.

ஒரு அடைமழையில் பட்டிக்குள் காய்ச்சல் புகுந்தது. இரண்டும் விழுந்தன. மயிலைக்கு மூச்சு இழுத்தது. இன்றோடு முடிந்தோம் என்றே நினைத்தது. பக்கத்தில் நடுங்கிக் கிடந்த செவலையோ மழை விடுவதற்குள் எழுந்து, உடம்பை உதறிக்கொண்டு வெளியே போனது. ஒரு கொத்து வேலந்தழையைக் கவ்விவந்து மயிலையின் முகத்தருகே போட்டது. குளிர் தெரியாதபடி அதை ஒட்டிப் படுத்துக்கொண்டது.

"நமக்கு ஒரே வயசு, ஒரே காய்ச்சல். உன்னை மட்டும் எப்படிடி விட்டது?" என்று மயிலை முனகியது.

"எனக்கென்ன தெரியும்? உடம்பு தானாகவே சண்டை போட்டது."

"குட்டியில் பாறை பாறையாக ஏறினாயே, இதற்காகவா?"

"இல்லையடி. மேலே காற்று நன்றாக இருந்தது, ஏறினேன். நீ தழையைத் தின்னு."

மயிலை மெல்ல மெல்லத்தான் தேறியது. அது எழுந்து நின்ற அன்று, பாறையில் தொற்றிய குட்டி ஒன்றை அதன் தாய் அதட்டிக் கீழே கூப்பிட்டது.

"விடு, ஏறட்டும். கீழே நான் நிற்கிறேன்," என்றது மயிலை. கால்கள் இன்னும் நடுங்க, பாறையடியில் போய் நின்றது.