வாசல் கல்

"பல்லைப் பிடுங்கத் தெரிஞ்ச மனுஷனுக்கு, வாசல்ல கிடக்கிற ஒரு கல்லைப் பிடுங்கத் தெரியலையே!"

டிரைவிங் ஸ்கூல் மேடம் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை.

எதிரே, தெருவை அடைத்துக்கொண்டு, குறுக்கே நின்றது சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். தரையோடு தரையாகப் படுத்திருக்கும் ஜாதி. எதிர்வீட்டுப் பல் டாக்டருடையது. அவர் வாசலில், தெருவோரமாக, சாண் உயரத்துக்கு ஒரு விளிம்புக் கல். காரை நேராக இறக்கினால் அடிவயிறு கிழிந்துவிடும்.

அதனால் தினமும் காலையில் இதே கூத்து. டாக்டர் மண்டியிட்டு இரண்டு பலகைகளைச் சாய்த்து வைப்பார். காரைக் கோணலாகத் திருப்பி, ஒவ்வொரு சக்கரமாக இறக்குவார். பாதியில் இறங்கிக் குனிந்து பார்ப்பார். மறுபடி ஏறுவார். பத்து நிமிஷம் போய்விடும்.

மேடம் இறங்கி வந்தாள். வாடகைக்குக் குடிவந்த இந்த மூன்று மாதத்தில் இன்றைக்குத்தான் பொறுமை அடியோடு போனது.

"சார், எனக்கு ஏழு மணிக்கு கிளாஸ். அங்கே ஆளுங்க காத்துக்கிட்டு நிக்கறாங்க."

"மன்னிச்சுக்குங்க மேடம். ஒரே நிமிஷம்."

"இந்த ஒரே நிமிஷத்தைத்தான் மூணு மாசமா கேக்கறீங்க. அரை நாள் வேலை சார். கல்லை ஒட்டி ரோட்டுப் பக்கமா ஒரு சிமெண்ட் சரிவு போட்டா முடிஞ்சது."

டாக்டர் முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார்.

"யோசிச்சேன் மேடம். சரிப்பட்டு வரலை."

"ஏன் வரலை?"

"அது... இந்தப் பலகையே பழகிப்போச்சு."

சிரித்துக்கொண்டே சொன்னதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கணவனிடம் கொட்டித் தீர்த்தாள். "எல்லாம் பவுசு! சுலபமா வெளியே வந்துட்டா யார் பார்ப்பா? இப்படி நடுத்தெருவுல நிறுத்தினாத்தானே நாலு பேர் வாயைப் பிளப்பாங்க."

"பாவம், வயசான காலத்துல ஆசைப்பட்டு வாங்கியிருக்காரு. விடேன்."

"ஆசை அவருக்கு, அவஸ்தை நமக்கா?"

அவள் விடவில்லை. தெருச் சங்கத்துக்கு மனு எழுதினாள். வீடு வீடாக ஏறி இறங்கிப் பதினோரு கையெழுத்து வாங்கினாள். சங்கத் தலைவர் டாக்டரைக் கூப்பிட்டுப் பேசினார்.

மறுநாளிலிருந்து தெரு காலியாக இருந்தது. யாரும் எழுந்திருக்கும் முன்பே, அஞ்சரை மணிக்கெல்லாம் டாக்டர் காரை இறக்கிக்கொண்டு போய்விடுகிறாராம். கிளினிக் திறப்பது ஒன்பது மணிக்கு. அதுவரை காருக்குள்ளேயே உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார் என்று தலைவர் சொன்னார்.

"பார்த்தீங்களா? கேக்கற விதத்துல கேட்டா எல்லாம் நடக்கும்" என்றாள் கணவனிடம்.

அடுத்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் பெய்தும் விடவில்லை. நான்காவது நாள் வகுப்புக்குப் புதிதாக ஒரு கொத்தனார் வந்தார். சாமான் ஏற்ற ஒரு சின்ன வேன் வாங்கப் போகிறாராம், அதற்காகக் கற்றுக்கொள்ள வந்திருந்தார். ஸ்டீயரிங்கைப் பிடித்த பிடியில் அது கழன்று வந்துவிடும் போலிருந்தது.

"தளர்த்திப் பிடிங்க. அது எங்கேயும் ஓடிப்போகாது."

ஒரு கடை வாசலில் சிமெண்ட் சரிவைப் பார்த்ததும் கொத்தனாருக்குப் பேச்சு வந்துவிட்டது.

"இந்த மாதிரி சரிவு போடத்தான் மேடம் போன வருஷம் ஒரு பல் டாக்டர் கூப்பிட்டாரு. சிவப்புக் கார் வெச்சிருப்பாரு. ஜல்லி, மணல் எல்லாம் கொண்டுவந்து இறக்கியாச்சு..."

மேடம் திரும்பி உட்கார்ந்தாள். "அப்புறம் ஏன் போடலை? அவருக்கு மனசு வரலையா?"

"மழைத் தண்ணி ஓடறதே அந்தக் கல்லை ஒட்டித்தான் மேடம். கல்லை எடுத்தா தண்ணி அவர் வீட்டுக்குள்ள போயிடும். சரிவு போட்டா அதுல முட்டித் திரும்பி, நேரா எதிர்வீட்டுக்குள்ள போயிடும். அந்த வீடு ரொம்பப் பள்ளம். முழங்கால் அளவு நிக்கும்னு ஒரு பேச்சுக்குத்தான் சொன்னேன். உடனே வேலையை நிறுத்திட்டாரு."

கார் சட்டென்று நின்றது. தன் பக்கத்து பிரேக்கைத் தானே மிதித்திருப்பது மேடத்துக்கு அப்புறம்தான் தெரிந்தது.

"தப்பா ஓட்டிட்டேனா மேடம்?"

"இல்லைங்க... நீங்க சரியாத்தான் ஓட்டறீங்க." கண்ணாடியில் வழியும் மழையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதை அவர் அந்த எதிர்வீட்டுக்காரங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"போன மாசம் வழியில பார்த்தேன் மேடம். நானும் இதையேதான் கேட்டேன். 'வேணாம்ப்பா, அந்தம்மா அவசர அவசரமா வேலைக்குக் கிளம்பறவங்க. விஷயம் தெரிஞ்சுட்டா, நான் வழிமறிச்சு நிக்கிறப்போ என்னைத் திட்டக்கூட முடியாம தவிச்சுப் போயிடுவாங்க'ன்னுட்டாரு."