இரட்டைத் தையல்

ஜனவரி வெயில் கல்லூரியின் விளையாட்டு உடைக் கிடங்கின் ஒரே ஜன்னல் வழியாகச் சாய்ந்து, வில்மாவின் மடியில் கிடக்கும் ஒன்பதாம் எண் சட்டைமேல் விழுகிறது. லூசியானாவின் இந்தச் சின்னக் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணிக்காக மூன்று பருவம் அதைப் போட்டுக்கொண்டு, பந்தை நெஞ்சோடு அணைத்து ஓடியவன் டெஸ்மண்ட் ஃபோன்டெனோ. இன்று தலைக்கவசத்தை ஒப்படைத்துவிட்டு வாசலிலேயே நிற்கிறான். பெரிய பல்கலைக்கழகம் ஒன்று நேற்று அவனை விலை பேசி எடுத்துக்கொண்டது. வில்மா சட்டையின் முதுகிலிருந்து அவன் பெயர்ப்பட்டையைப் பிரிக்கிறாள். இப்போதெல்லாம் பையன்கள் வருஷத்துக்கு வருஷம் கைமாறுவதால், எல்லார் பெயரையும் இழுத்தால் வந்துவிடுகிற ஒற்றைத் தையலில்தான் தைக்கிறாள். இவன் பெயருக்கு மட்டும் இரட்டைத் தையல் போட்டிருந்தாள். சின்னக் கத்தி ஒவ்வொரு இழையாக அறுக்கிறது. பக்கத்து அறையில் சலவை இயந்திரம் உறுமுகிறது.

“எனக்கு மட்டும் ஏன் மிஸ் வில்மா ரெண்டு தையல்?”

“நீ இருப்பேன்னு நெனச்சேன். வயசாச்சுல்ல, புத்தி மழுங்கிப் போச்சு.”

அவன் ஷூவையே பார்க்கிறான். “அந்தப் பட்டைய எங்கம்மாவுக்கு எடுத்துட்டுப் போகட்டுமா?”

“எடுத்துட்டுப் போ. இங்க யாருக்கு அது? புதுசா வர்றவன் பேரு லீ.”

பட்டை கழன்று அவன் கைக்குப் போகிறது. வெளுத்த சட்டையில் அது இருந்த இடம் மட்டும் இன்னும் கருஞ்சிவப்பாக இருக்கிறது. வில்மா புதுப் பட்டையை அதன்மேல் வைத்துப் பார்க்கிறாள். லீ நடுவில் ஒடுங்கி உட்கார்ந்திருக்க, இரண்டு பக்கமும் ஃபோன்டெனோவின் சிவப்பு நீண்டு கிடக்கிறது.