நரித் தோட்டத்தின் வெளிவாசல்

"முதல் நாள் மேய்ச்சல் இலவசம், இன்னும் இரண்டே இடம்தான்!" என்று நரி கூவியதும், குதிரையும் கழுதையும் அது சொன்ன நிபந்தனைக்கெல்லாம் தலையாட்டிவிட்டு அடித்துப்பிடித்துத் தோட்டத்துக்குள் நுழைந்தன.

மறுநாள் விடிந்ததும், "நேற்றுத் தலையாட்டினீர்களே, கிணறு வெட்டுங்கள்" என்றது நரி.

நுழைந்த வாசல் பூட்டிக் கிடந்தது. வெளிவாசலைத் தேடித் தேடி இரண்டுக்கும் குளம்பு தேய்ந்தது. கடைசியில் முட்புதருக்குப் பின்னால் சின்னதாக ஒரு வாசல் அகப்பட்டது. அங்கேயும் நரிதான் நின்றது.

"தாராளமாகப் போகலாம். 'எனக்கு அறிவில்லை, அதனால் போகிறேன்' என்று உரக்கச் சொன்னால் போதும்."

குதிரைக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "என் வம்சத்திலேயே அப்படி யாரும் சொன்னதில்லை!" என்று கிணற்றுக்கே திரும்பிவிட்டது.

கழுதை யோசித்தது. பிறந்ததிலிருந்து ஊரே சொல்வதுதானே, தானும் ஒரு தடவை சொன்னால் என்ன?

"எனக்கு அறிவில்லை நரியண்ணே, அதனால் போகிறேன்" என்று சொல்லிவிட்டு, வாலை ஆட்டிக்கொண்டு வெளியே நடந்தது.

கழுத்தளவு குழிக்குள்ளிருந்து குதிரை சிரித்தது: "சுத்தக் கழுதை!"