டெட்ராசைக்ளின் பல்

"இவளுக்கு உடம்பு வணங்காது டாக்டரம்மா. பிள்ளைக்கு ஒழுங்கா பல்லு தேய்ச்சு விட்டிருந்தா இப்படி ஆகுமா?" என்றாள் மாமியார்.

பெய்வென் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அவள் மகள், எட்டு வயது மியன்மியன், பல் டாக்டரின் நாற்காலியில் வாயைத் திறந்து படுத்திருந்தாள். புதிதாக முளைத்த பற்களும் மஞ்சளும் பழுப்புமாகவே இருந்தன. புத்தாண்டு விருந்தில் சூரியகாந்தி விதை கொறித்தபோது ஒரு பல் சுண்ணாம்புக் கட்டி மாதிரி உதிர்ந்துவிட்டது. லோயாங் நகரிலுள்ள சொந்தபந்தம் முழுக்க அன்றிலிருந்து பெய்வென்னைக் குறை சொல்லும் பேச்சுதான்.

கணவன் செங்யூ ஒரு நாளாவது பரிந்து பேசியிருக்க வேண்டுமே. கல்லுப்பிள்ளையாராட்டம் உட்கார்ந்திருந்தான்.

"வயித்துல இருக்கும்போது கண்ட மாத்திரையையும் முழுங்கியிருப்பா. நான் என் மகனுக்கு ஒரு மாத்திரை கொடுத்ததில்ல. காய்ச்சல்கூட அண்டாம வளர்த்தேன்!"

டாக்டர் திரும்பி, செங்யூவை வாய் திறக்கச் சொன்னார்.

"என்னுது டெட்ராசைக்ளின் பல்லுங்க. சின்ன வயசுல கொடுத்த மருந்தால வந்தது."

காய்ச்சல் வந்த குழந்தைகளுக்கெல்லாம் அந்த மாத்திரையைக் கொடுத்த காலம் அது; எழுபதுகளில் பிறந்தவர்களில் பல பேர் இப்படிச் சொல்வார்கள். யாரும் மேலே கேட்க மாட்டார்கள். பெண் பார்க்க வந்த அன்று பெய்வென்னிடமும் இதையேதான் சொன்னான். அவளும் பாவம் என்று நினைத்தாள்.

டாக்டர் அவன் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்தார். பிறகு மாமியார் பக்கம் திரும்பினார்.

"ஒரு மாத்திரைகூடக் கொடுக்கலைன்னு இப்பத்தானே சொன்னீங்க?"



மருந்துக் கறை பிள்ளைக்குப் போகாது என்றார் டாக்டர். இது எனாமலை உருவாக்கும் மரபணுவிலேயே உள்ள கோளாறு, அப்பாவிடமிருந்து வந்திருக்கிறது. எவ்வளவு தேய்த்தாலும் வெளுக்காது, அழுத்தினால் மிச்சமும் உதிரும்.

"உனக்குத் தெரியுமா?" என்றாள் பெய்வென்.

செங்யூ தரையைப் பார்த்தான். "அம்மாதான் அப்படிச் சொல்லச் சொன்னாங்க. இல்லேன்னா கல்யாணம் நின்னுடும்னு..."

"நின்னு தொலைஞ்சிருக்கணும்!"

அவள் போட்ட கூச்சலில் வராந்தாவே திரும்பிப் பார்த்தது. எத்தனை பேர் முன்னால் தலைகுனிந்தாள்! மகள் மட்டும் இல்லாவிட்டால் இரண்டு பேரையும் அங்கேயே அறைந்திருப்பாள்.

மியன்மியன் நாற்காலியிலிருந்து இறங்கி வந்து அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"அப்போ இனிமே ரத்தம் வர்ற வரைக்கும் தேய்க்க மாட்டியேம்மா?"