ஒல்லாந்துக்காரன் எரித்த கடிதம்

“யாரு அவ? பேரச் சொல்லச் சொல்லுங்க அந்தாள.”

“அவருக்கே தெரியாதாம்மா. எரிச்சுட்டாராம்.”

“எரிச்சானா. ஒண்ணும் இல்லாமயா எரிச்சான்?”

மருமகள் தையல்நாயகி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாமியார் செங்கமலத்தின் குரல் மட்டும் ஏழு வீடு தாண்டிக் கேட்டது. எட்டாவது வீடு என்னுடையது. உலையை இறக்கி வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

கூடத்தில் தகரப் பெட்டி திறந்து கிடந்தது. பக்கத்து முக்காலியில் ஒரு வெள்ளைக்காரன், முழங்கால் தாடையில் இடிக்காத குறை.

இங்கிலீஷ்காரன் இல்லையாம். ஒல்லாந்துக்காரனாம்.

நாகப்பட்டினத்தில் ஒல்லாந்துக்காரர்களை நாங்கள் கல்லறையில்தான் பார்த்திருக்கிறோம். உட்கார்ந்து மோர் குடிக்கிறவனை அன்றுதான் பார்த்தேன்.

செங்கமலத்தின் மகன் சிங்காரவேலு திருகோணமலையில் இவர்களுடைய கடல் விமானத்தை ஓட்டினான். விமானம் அவர்களுடையது, இவன் நம் சர்க்கார் இரவல் கொடுத்த ஆள். அவர்கள் நாட்டை ஜெர்மன்காரன் பிடித்து நாலு வருஷம். இறங்க ஊரில்லாதவர்கள் கடலுக்கு மேல் ஜப்பான்காரனைத் தேடிக்கொண்டிருந்தார்கள். கூடவே எங்கள் தெருப் பையனும்.

ஆடியில் போன விமானம் திரும்பவில்லை.

ஐப்பசியில் அவன் பெட்டியோடு இந்தக் கூட்டாளி வந்தான்.

நான் போவதற்குள் நடந்ததைத் தந்தி ஆபீஸ் அருளப்பன் பிறகு சொன்னார். மொழிபெயர்க்க அவரைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். எல்லாவற்றையும் மொழிபெயர்த்தார். எதை விழுங்க வேண்டும் என்று தந்தி ஆபீசில் சொல்லித் தருவதில்லை.

பெட்டியில் ஒரு கட்டுக் கடிதம். தையல்நாயகி அதைப் பிரித்து ஒவ்வொன்றாகத் தள்ளினாள்.

“இவ்வளவுதானா? இன்னொண்ணு இருக்கணுமே.”

கேட்காமல் இருந்திருந்தால் சண்டையே இல்லை.

ஒல்லாந்துக்காரன் முகம் சிவந்துவிட்டது. அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டாம். போனவன் பெட்டியைக் கூட்டாளி ஒருவன் முதலில் பிரித்துப் பார்ப்பான். வீட்டுப் பெண் பார்க்கக் கூடாதது எது இருந்தாலும் எரித்துவிடுவான். செத்தவனுக்குச் செய்யும் மரியாதை.

கட்டு முழுக்க ஒரே கையெழுத்து. ஆகவே அது மனைவி. ஒன்று மட்டும் வேறு கை. ஆகவே அது வேறொருத்தி. தமிழ் தெரியாதவன் வேறென்ன நினைப்பான்.

அந்தக் கட்டுக் கடிதங்களில் இருந்த கையெழுத்து என்னுடையது.

தையல்நாயகியை இரண்டாம் வகுப்போடு நிறுத்தி அத்தை மகனுக்குக் கட்டிவைத்தார்கள். எழுத்துக் கூட்டிப் படிப்பாள், எழுத வராது. அவள் சொல்வாள், நான் எழுதுவேன். இங்கு யாவரும் நலம். அத்தைக்கு மூட்டுவலி தேவலை. பசு கன்று ஈன்றிருக்கிறது. அதற்கு மேல் என்னிடம் எதைச் சொல்வாள். என்னிடம் சொல்வதும் கிணற்றடியில் சொல்வதும் ஒன்று.

செங்கமலம் தலையில் அடித்துக்கொண்டாள். “எம்புள்ளய எவளோ மயக்கிப்புட்டா.”

அப்போதுதான் தையல்நாயகி தூணைவிட்டு நகர்ந்தாள்.

“அண்ணே, அந்தக் கடுதாசி எங்க இருந்துச்சுன்னு கேளுங்க.”

ஒல்லாந்துக்காரன் தன் சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினான்.

பெட்டியில் இல்லை. எப்போதும் சிங்காரவேலுவின் சட்டைப் பையில்தானாம். ஆனால் பறக்கப் போகும்போது பையில் துண்டுக் காகிதம்கூட இருக்கக் கூடாது. பிடிபட்டால் எதிரி படிப்பான். அதனால் ஏறும்முன் இவனிடம் கொடுப்பான். இறங்கி வந்ததும் தண்ணீர்கூடக் கேட்க மாட்டான், முதலில் அதற்குத்தான் கை நீட்டுவான்.

“எழுத்து எப்படி இருந்துச்சாம்?” கேட்டது நான்தான். எனக்கென்று ஒரு குணம்.

பெரிது பெரிதாக. வரி கீழே சரிந்து சரிந்து.

“படிக்காத சிறுக்கி,” என்றாள் செங்கமலம்.

போன சித்திரையில் என் மகளின் சிலேட்டை தையல்நாயகி இரவல் வாங்கிப் போனாள். கோலம் போட்டுப் பழக என்றாள். ஒரு மாதம் திருப்பித் தரவில்லை.

வாயைத் திறந்தேன்.

அவள் என்னைப் பார்த்தாள்.

மூடிக்கொண்டேன். நான் வாயை மூடினேன் என்றால் இந்தத் தெருவில் யாரும் நம்ப மாட்டார்கள்.

“கடைசி நாளும் குடுத்துட்டுத்தான் போனாங்களா?” அவள் அருளப்பனைக் கேட்கவில்லை. நேராக ஒல்லாந்துக்காரனையே கேட்டாள், தமிழில்.

அருளப்பன் சொல்வதற்கு முன்பே அவன் தலையாட்டினான்.

நாலு வருஷமாக அவனுக்கு வீட்டிலிருந்து ஒரு வரி வந்ததில்லையாம். தீக்குச்சியைக் கிழித்துவிட்டு, கை சுடும்வரை வைத்திருந்து, மூன்றாவது குச்சியில்தான் எரித்தானாம். அதையும் அருளப்பன் சொன்னார்.

அவள் மோர்ச் செம்பை எடுத்து வந்து அவன் டம்ளரை நிரப்பினாள்.

சண்டை முடிந்ததும் அவரவர் வழி. யுத்தம் ஓய்ந்து ஒல்லாந்துக்காரன் ஊருக்குப் போனான். அவனுக்கு நிச்சயித்திருந்த பெண் உயிரோடு இருந்தாளாம், அவளையே கட்டிக்கொண்டான். செங்கமலம் மகள் வீட்டோடு திருவாரூர் போய்விட்டாள். அருளப்பனை மாற்றிவிட்டார்கள்.

தையல்நாயகி மாயவரத்தில் அண்ணன் வீட்டுக்குப் போனாள். சுயமரியாதைக்காரர் வீடுகளிலிருந்து இரண்டு முறை பெண் கேட்டு வந்தார்கள். நல்ல இடம். முடியாது என்றுவிட்டாள்.

இன்னொருத்தி கடிதத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு திரிந்த புருஷனுக்காக ஒருத்தி ஏன் இப்படி உட்கார்ந்திருக்க வேண்டும் என்று எங்கள் தெருவுக்கு இன்றுவரை விளங்கவில்லை.